பெயர் இல்லாமல் வந்த புகழ்

“பேரும் புகழும்” என்று நாம் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். காலில் விழுந்து எழும் பிள்ளையைப் பெரியவர்கள் “பேரும் புகழுமாய் இரு” என்றே வாழ்த்துகின்றனர். பேர் முந்தியும் புகழ் பிந்தியும் வரும் இந்த ஒழுங்கு நமக்கு இயற்கையானதாகவே படுகின்றது. பெயர் என்ற கொழுகொம்பு இருந்தாலன்றோ புகழ் என்ற கொடி படர முடியும்? ஆயினும், இந்த ஒழுங்கு தலைகீழாக அமைந்த வாழ்க்கையொன்று இருந்தது. அதிலே புகழ் முதலில் வந்தது. பெயர் பின்னரே வந்தது. வந்த பெயரும் சிறிது சிறிதாகத் தேய்ந்து, ஈற்றிலே புதைகுழியின் மேல் பொறிப்பதற்குக்கூட மிஞ்சாமற் போயிற்று. அமெரிக்க மௌனப் படங்களின் முதல் நட்சத்திரம் என்று பலராலும் குறிக்கப்படும் புளோரன்ஸ் லோரன்ஸ் என்ற நடிகையின் வாழ்க்கையே அது.

மௌனப் பட நடிகையரின் கதைகளைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் ஆடம்பரத்தையும் அதன்பின் வந்த அழிவையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டி, “செல்வம் நிலையாது” என்ற நீதியோடு முடித்துவிடுவர். அந்நீதி பொய்யன்று. ஆனால் புளோரன்ஸின் வாழ்க்கையைப் படித்தபோது என் மனத்தைத் தைத்தது செல்வத்தின் நிலையாமை அன்று. ஒரு மனிதரின் முகத்தை இலட்சக்கணக்கானோர் நேசித்தும், அம்மனிதரை ஒருவருமே அறியாதிருக்கக் கூடும் என்ற உண்மையே அது.

கனடா நாட்டில், இன்று நம்மவர் பலர் குடியேறி வாழும் ஒன்ராறியோ மாகாணத்தின் ஹமில்டன் நகரில், 1886 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆம் திகதி புளோரன்ஸ் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் புளோரன்ஸ் அனி பிரிஜ்வூட். தந்தையார் வண்டி செய்யும் தொழிலாளர். தாயார் ஷார்லட், ஊர் ஊராகச் சென்று நாடகம் போடும் குழுவொன்றை நடத்தியவர். மேடைக்காக லொட்டா லோரன்ஸ் என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டவர். அந்த மேடைப் பெயரே மகளுக்கும் வந்து சேர்ந்தது. குழந்தைப் பருவத்திலேயே மேடையேறி, சீழ்க்கையடித்துப் பாட்டிசைக்கும் அதிசயச் சிறுமி என்று விளம்பரம் பெற்றவர் புளோரன்ஸ். பெற்றோர் பிரிந்தபின் தாயும் பிள்ளைகளும் அமெரிக்காவின் பஃபலோ நகரில் வாழ்ந்தனர். நாடகக் குழு கலைந்த காலத்தில், தாயும் மகளும் நியூயோர்க்கிலே வேலை தேடி அலைந்தனர்.

அப்போது சலனப்படம் இன்னும் சந்தை விளையாட்டுக்களோடு வைத்து எண்ணப்பட்ட காலம். 1907 ஆம் ஆண்டில் எடிசன் கம்பனி எடுத்த “டானியல் பூன்” என்ற படத்தில் இருவருக்கும் வேடம் கிடைத்தது. மகளுக்குக் குதிரையேற்றம் தெரிந்திருந்தமையே அதற்குக் காரணம். கடுங்குளிரில், திறந்த வெளியில், நாளொன்றுக்கு 5 டொலர் கூலிக்கு நடந்த வேலை அது. பின்னர் வைட்டகிராப் என்ற கம்பனியில் வாரம் 20 டொலர் சம்பளம் கிடைத்தது. அங்கு நடிப்பதோடு வேலை முடிந்துவிடவில்லை. உடைகள் தைக்கும் பொறுப்பும் நடிகையின் தலையிலேயே விழுந்தது. 1908 ஆம் ஆண்டில், பயோகிராப் கம்பனியில் புதிதாக இயக்குநராகியிருந்த டி. டபிள்யூ. கிரிபித், வாரம் 25 டொலர் தருவதாகவும் தையல் வேலை இல்லையென்றும் சொல்லி அவரை அழைத்துக்கொண்டார். உலகம் அறிந்த முதல் திரைமுகம் ஒன்று, 5 டொலர் கூடுதலாகக் கிடைத்ததாலும் ஊசி நூல் தப்பியதாலும் பயோகிராப்புக்கு வந்து சேர்ந்தது.

நியூயோர்க் நகரின் 14 ஆம் தெருவில் இருந்த பழைய வீடொன்றே பயோகிராப்பின் படப்பிடிப்புக்கூடம். அங்கிருந்து வாரந்தோறும் படங்கள் வெளிவந்தன. ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு மேற்படாதது. ஷேக்ஸ்பியரின் “அடங்காப்பிடாரி” நாடகத்தைத் தழுவிய 1908 ஆம் ஆண்டுப் படத்தில் புளோரன்ஸ் கதாநாயகி. டோல்ஸ்டோயின் “புத்துயிர்” நாவலைத் தழுவிய 1909 ஆம் ஆண்டுப் படத்தில் அவரே கத்யூஷா. ஜோன்ஸ் என்ற கணவனை ஆட்டிப்படைக்கும் மனைவியாக நகைச்சுவைப் படங்கள் பலவற்றிலும் நடித்தார். இன்று அழுகை, நாளை சிரிப்பு, மறுநாள் குதிரைச் சவாரி என்று ஓயாத வேலை. அங்கேயே நடிகராக இருந்த ஹரி சோல்ட்டர் என்பவரை 1908 இல் மணந்துகொண்டார்.

இத்தனை படங்களில் நடித்தும், ஒரு படத்திலாவது அவருடைய பெயர் இல்லை. அவருடையது மட்டுமன்று; எந்த நடிகருடைய பெயரும் இல்லை. அக்காலத்தில் படங்கள் துணிக்கடையில் முழத்துக்கு இவ்வளவு என்று சீலை விற்பது போல, அடிக்கு இத்தனை சதம் என்று விற்கப்பட்டன. வாங்குவோர் பார்த்தது கம்பனியின் முத்திரையைத்தான். படத்தைப் பிறர் களவாகப் பிரதிபண்ணாமல் இருக்க, பயோகிராப் கம்பனியார் தம் பெயரின் இரண்டு எழுத்துக்களைப் பலகையில் பொறித்து, காட்சியில் வரும் வீட்டுச் சுவரிலேயே மாட்டிவைப்பது வழக்கம். சுவருக்குப் பெயர் இருந்தது; சுவரின் முன்னே நின்று கண்ணீர் விட்ட பெண்ணுக்குப் பெயர் இருக்கவில்லை.

இந்தப் படங்கள் சிலவற்றை இப்போது இணையத்தின் வாயிலாக வீட்டிலிருந்தே பார்க்கலாம். சென்ற மழைக்காலத்து இரவொன்றில், 1909 ஆம் ஆண்டில் வெளிவந்த “நாட்டுப்புற வைத்தியர்” என்ற படத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்தியர் ஒருவரின் சிறுமகள் நோயுற்றுக் கிடக்கின்றாள். அவ்வேளையில் ஏழைப்பெண் ஒருத்தியின் குழந்தைக்கும் நோய் கடுமையாகிறது. வைத்தியர் தம் பிள்ளையை விட்டு அப்பிள்ளையிடம் செல்கின்றார். வீட்டிலே தாய், கணவனை அழைத்துவர வேலைக்காரியை ஓட்டுகின்றாள். அந்தக் குழந்தை பிழைக்கின்றது. சொந்தக் குழந்தை இறந்துவிடுகின்றது. அந்தத் தாய் புளோரன்ஸ். சத்தமில்லை, நூற்றாண்டு கடந்து மங்கிய பிரதி. எனினும், கட்டிலருகே நின்று கதவையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்க்கும் அந்தப் பார்வை எனக்கு விளங்காமல் இல்லை. பக்கத்தில் வந்து குந்திய என் மகள் முடியும்வரை பேசாதிருந்து பார்த்தாள். பின்பு, “இவ ஆர் அப்பா? பேர் ஒண்டும் போடேல்லையே” என்று கேட்டாள்.

ஒரு பள்ளிப் பிள்ளை இன்று கேட்கும் இக்கேள்வியைத்தான் அன்று அமெரிக்கா முழுவதும் கேட்டது. பெயர் தெரியாத ரசிகர்கள் “பயோகிராப் பெண்” என்று விலாசமிட்டுக் கடிதம் எழுதினர். அவள் யார், எங்கே பிறந்தாள், மணமானவளா என்று கேட்டனர். கம்பனி மறுமொழி கொடுக்கவில்லை.

ஏன் இந்த மறைப்பு என்று கேட்கலாம். நாடக மேடையில் மதிப்புப் பெற்ற நடிகர்கள் சலனப்படத்தில் தலைகாட்டுவதை இழிவாகக் கருதித் தாமே பெயரை மறைத்ததுண்டு. கம்பனிகளின் காரணமோ வேறு. பெயர் தெரிந்தால் நடிகர் தம் விலையை அறிந்துவிடுவார். விலையை அறிந்தால் கூலி கூடக் கேட்பார். வகுப்பறையில் இருபதாண்டுக்கு மேல் இடாப்புக் கூப்பிட்டு வந்தவன் என்ற முறையில் இந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே புரிகின்றது. “பின்வாங்கிலே இருப்பவன்” என்று சுட்டப்படும் மாணவன் தலையைக் குனிகின்றான்; பெயர் சொல்லி அழைக்கப்படும் மாணவன் நிமிர்கின்றான். பெயர் சொல்லி அழைக்கப்பட்டவன் தன்னிடம் ஒன்று இருப்பதாக நம்பத் தொடங்குகின்றான். அந்த நம்பிக்கையையே கம்பனிகள் அஞ்சின.

1909 ஆம் ஆண்டில் புளோரன்ஸும் சோல்ட்டரும் நல்ல ஊதியம் தேடி எஸ்ஸனே என்ற மற்றொரு கம்பனிக்கு எழுதினர். பெரிய கம்பனிகள் யாவும் ஒரே கூட்டாக இணைந்திருந்த காலம் அது. எஸ்ஸனே கம்பனியார் அச்செய்தியைப் பயோகிராப்புக்கே தெரிவித்துவிட்டனர். இருவருக்கும் வேலை போயிற்று. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நடிகை போனாலும் “பயோகிராப் பெண்” என்ற பட்டம் போகவில்லை. மேரி பிக்போர்ட் என்ற இளம்பெண் அந்த ஆண்டிலே அக்கம்பனியிற் சேர்ந்திருந்தார். பட்டம் அவர் தலைக்கு மாறியது. உத்தியோகம் அப்படியே இருக்க, உத்தியோகத்தர் மட்டும் இடமாற்றம் பெற்றது போன்ற கதை.

கூட்டுக்குள் சேராத தனிக் கம்பனி ஒன்றை நடத்தியவர் கார்ல் லெம்லே. பிற்காலத்தில் யூனிவர்சல் என்ற பெரும் படக் கம்பனியை நிறுவியவர்களுள் தலையாயவர் இவரே. வேலையிழந்த புளோரன்ஸை அவர் அழைத்துக்கொண்டார். ஆனால் பயோகிராப்பின் முகம் இப்போது தம்மிடம் இருக்கின்றது என்பதை மக்களுக்கு எப்படி அறிவிப்பது? முகம் அவர்களுக்குத் தெரியும், பெயர் தெரியாது. 1910 ஆம் ஆண்டு முற்பகுதியில், அந்நடிகை டிராம் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டார் என்றொரு வதந்தி எழுந்ததாகச் சொல்லப்பட்டது. மார்ச் மாதத்தில் லெம்லே திரைப்படத் தொழிற் சஞ்சிகையொன்றில் பெரிய விளம்பரம் செய்தார். அந்த இறப்புச் செய்தி எதிரிகள் கட்டிய பொய் என்றும், புளோரன்ஸ் லோரன்ஸ் நலமாக இருக்கின்றார் என்றும், அவருடைய அடுத்த படம் இன்னதென்றும் அதிலே கண்டிருந்தது. பொய்யை மறுத்தவரே அப்பொய்யைக் கிளப்பியவர் என்பது சினிமா வரலாறு எழுதியோர் பலரின் துணிபு.

புளோரன்ஸ் உயிரோடிருப்பதை நேரிற் காட்டும்பொருட்டு, லெம்லே அவரைக் கிங் பகட் என்ற நடிகரோடு செயின்ட் லூயிஸ் நகருக்கு அனுப்பினார். புகையிரத நிலையத்தில் கூடிய கூட்டம் அவருடைய மேலங்கியின் பொத்தான்களைப் பிய்த்தெடுத்தது என்று எழுதியிருக்கின்றனர். நேசித்த முகம் முதன்முறையாக உடம்போடும் பெயரோடும் முன்னே நின்றபோது, மக்கள் அதைத் தொட்டுப் பார்க்க விரும்பியதில் வியப்பில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த நங்கைக்கு உலகம் பெயர் கொடுத்தது அவர் பிறந்தபோதன்று, நடித்தபோதும் அன்று. அவர் இறந்துவிட்டார் என்ற பொய்யின் பின்னரே கொடுத்தது.

அதன்பின் சில ஆண்டுகள் வளர்பிறைதான். லெம்லேயிடம் ஏறக்குறைய ஐம்பது படங்கள். 1911 இல் லூபின் கம்பனி. 1912 இல் கணவரோடு சேர்ந்து விக்டர் என்ற பெயரில் சொந்தக் கம்பனி. வாரம் 500 டொலர் அவருக்கும், இயக்கும் கணவருக்கு 200 டொலருமாக வருமானம். நாட்கூலி 5 டொலருக்குக் குளிரில் நின்றவர் ஐந்தாண்டுக்குள் நியூ ஜேர்சியில் 50 ஏக்கர் நிலம் வாங்கி ரோஜாத் தோட்டம் வளர்த்தார். மோட்டார் கார் ஓட்டுவதில் அவருக்குப் பெருவிருப்பம். பின்னே வருபவருக்குத் திரும்பப் போவதை உணர்த்தும் சமிக்ஞைக் கை ஒன்றையும், தடையை அழுத்தியதும் “நில்” என்று எழும் பலகையொன்றையும் 1914 ஆம் ஆண்டளவில் அவர் தாமே வகுத்தார். அவற்றுக்கு ஆக்கவுரிமைப் பத்திரம் அவர் பெறவில்லை. இன்று நம் வீதிகளில் ஓடும் ஒவ்வொரு வாகனத்திலும் அந்த எண்ணம் விளக்காக மினுங்குகின்றது. எண்ணியவரின் பெயர் அதிலும் இல்லை. அவருடைய தாயார் 1917 இல் மின்சாரத்தால் இயங்கும் கண்ணாடித் துடைப்பானுக்கு உரிமை பெற்றும், அதனாற் பயனடையவில்லை.

இறக்கம் தீயிலே தொடங்கியது. “விதியின் பகடைகள்” என்ற படத்துக்காக மூட்டப்பட்ட தீ கைமீறிப் பரவியது. புளோரன்ஸ் தீப்புண்பட்டார், கீழே விழுந்து முதுகிலும் அடிபட்டார். உடல் தேறுமுன் மீண்டும் வேலைக்கு வந்தார். படம் முடிந்ததும் சரிந்து விழுந்தார். அவருடைய கம்பனி அப்போது யூனிவர்சலுக்குள் அடங்கியிருந்தது. வைத்தியச் செலவைத் தர யூனிவர்சல் மறுத்துவிட்டது. கணவரோடு இருந்த உறவும் முறிந்தது. 1916 ஆம் ஆண்டில் மறுபடியும் ஒரு நெடும்படத்தில் நடித்தார். அந்தச் சிரமம் பழைய காயத்தைக் கிளப்பிவிட, நான்கு மாதகாலம் அசைவற்றுப் படுக்கையிற் கிடந்தார்.

அந்த 1916 ஆம் ஆண்டைச் சற்று நின்று பார்ப்பது நன்று. அவ்வாண்டிலேதான் மேரி பிக்போர்ட் வாரம் 10,000 டொலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். சார்லி சப்ளினும் அதே தொகைக்கு ஒப்பந்தமானார். நடிகரின் பெயருக்கு விலையுண்டு என்பதை அமெரிக்கா முதலிற் சோதித்துப் பார்த்தது புளோரன்ஸ் லோரன்ஸின் பெயரை வைத்தே. சோதனை வென்றது. அதன் பலனைப் பிறர் வாரிக்கொண்டிருந்த வேளையில், சோதிக்கப்பட்டவர் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். பிக்போர்டையோ சப்ளினையோ இதற்காகக் குறைசொல்வது தகாது. அவர்கள் தம் உழைப்புக்குக் கேட்டுப் பெற்றனர். ஆனால் வழி வெட்டியவர் நடக்க முடியாமற் போன பின்பே வழி பெருந்தெருவாகின்றது என்பது பல துறைகளிலும் நாம் காணும் உண்மை.

1921 இல் புளோரன்ஸ் ஹொலிவூட்டுக்குச் சென்று மறுபடியும் எழ முயன்றார். அப்போது வயது முப்பத்தைந்து. மறு ஆண்டு வெளிவந்த படமொன்றில் முதன்மை வேடம் கிடைத்தது, அது பேசப்படவில்லை. அதன்பின் துணை வேடங்கள். 1924 க்குப் பின் கிடைத்தவை அனைத்தும் கூட்டத்தில் ஒருவராக நிற்கும் சிறு வேடங்களே. அப்படங்களின் தொடக்கத்தில் நடிகர் பெயர்ப் பட்டியல் ஓடியது. அந்தப் பட்டியல் உண்டாவதற்குக் காரணமானவருள் ஒருவரான புளோரன்ஸின் பெயர் அதிலே இல்லை. தொடங்கிய இடத்துக்கே வாழ்க்கை அவரைக் கொண்டுவந்து விட்டது. முன்பு பெயரின்றி முகமாவது தெரிந்தது. இப்போது முகமும் தெரியவில்லை.

இரண்டாம் கணவரோடு சேர்ந்து லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அழகுப்பொருட் கடை ஒன்றை நடத்தினார். 1929 இல் பங்குச் சந்தை சரிந்ததில் கைப்பொருள் கரைந்தது. அதே ஆண்டில் தாயாரும் இறந்தார். சீழ்க்கையடித்த சிறுமியைக் கையிற்பிடித்து ஊரூராக அழைத்துச் சென்ற தாய் அவர். மகள் தம் நிலைமையைப் பாராமல், பெரும் பொருள் செலவிட்டுத் தாயின் சமாதிக்குச் சிலையொன்று வைத்தார். இரண்டாம் மணமும் பின்னர் முறிந்தது. 1933 இல் நடந்த மூன்றாம் மணம் ஐந்து மாதமே நீடித்தது. கை நீட்டி அடிக்கும் மனிதரோடு அதற்கு மேல் வாழ இயலாதன்றோ?

1936 ஆம் ஆண்டில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பனி, பழைய மௌனப் பட நடிகர்கள் சிலருக்கு வாரம் 75 டொலர் சம்பளத்தில் சிறு வேடங்கள் கொடுக்க முன்வந்தது. புளோரன்ஸும் அவர்களுள் ஒருவரானார். செயின்ட் லூயிஸ் புகையிரத நிலையத்தில் அவரோடு இறங்கிய கிங் பகட்டும் அக்காலத்தில் சிறு வேடங்களுக்கு வந்து நிற்பவராகியிருந்தார். இக்காலத்தில் புளோரன்ஸை எலும்பு மச்சையைப் பற்றும் அரிய நோயொன்று பிடித்தது. அக்கால வைத்தியத்தில் அதற்குத் தீர்வு இல்லை. வலியும் சோர்வும் தொடர்ந்தன. 1938 ஆம் ஆண்டு டிசம்பர் 28 ஆம் திகதி, ஐம்பத்து மூன்றாவது பிறந்த நாளுக்கு ஐந்து நாள் இருக்கையில், அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அதைப்பற்றி அதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. தனிமையும் நோயும் ஒன்றுசேர்ந்து ஒருவரை வருத்தும்போது, அருகில் வந்து பெயர் சொல்லி அழைத்து “எப்படியிருக்கிறாய்?” என்று கேட்கும் ஒரு குரலுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை மட்டும் எண்ணிக்கொள்கின்றேன். நம் அயலிலும் அத்தகைய குரலுக்காகக் காத்திருப்போர் இருக்கலாம்.

ஈமச் செலவைத் திரைப்படத் துறையினரின் நிவாரண நிதியம் ஏற்றுக்கொண்டது. அந்த நிதியத்தை 1921 இல் நிறுவியோருள் ஒருவர் மேரி பிக்போர்ட். ஒரு பயோகிராப் பெண் நட்டுவைத்த தருமத்தின் நிழலில் மற்றொரு பயோகிராப் பெண் அடக்கமானார். பரமவுண்ட் படக் கம்பனியின் பின்புறமாக அமைந்த ஹொலிவூட் மயானத்தில், தாயாரின் சமாதிக்கு அண்மையில் அவரைப் புதைத்தனர். தாய்க்குச் சிலை வைத்த மகளின் குழிமேல் ஒரு கல்கூட இருக்கவில்லை. டிராம் வண்டியில் இறந்ததாகச் சொன்ன பொய்ச் சாவுக்குப் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்த தொழில், உண்மைச் சாவுக்கு ஒரு பலகை நாட்டவில்லை.

இத்துயரத்துக்கு யார் பொறுப்பு? பெயரை மறைத்த பயோகிராப்பா, பெயரைப் பொய்யின் மேலேற்றி விற்ற லெம்லேயா, வைத்தியச் செலவை மறுத்த கம்பனியா, கைநீட்டிய கணவனா? ஒவ்வொருவருக்கும் அதிலே பங்குண்டு. ஆனால் திரையின் முன்னே இருந்தவர்களும் அந்தப் பங்கிலிருந்து தப்ப முடியாது. நாம் ஒருவரின் பாட்டைக் கேட்டு உருகுகின்றோம். கூத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுகின்றோம். பிறகு எழுந்து வீட்டுக்குப் போகின்றோம். எங்களை அழவைத்தவர் அன்றிரவு எங்கே உண்டார், எங்கே உறங்கினார் என்று கேட்பதில்லை. பொத்தானைப் பிய்த்தெடுத்த கூட்டம் அன்பில்லாத கூட்டமன்று. அவ்வன்பு பொத்தானோடு திருப்தியடைந்துவிட்டது என்பதே குறை.

படங்களின் கதியிலும் ஒரு விசித்திரம் உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் 1912 வரை சலனப்படத்துக்கெனத் தனிப் பதிப்புரிமை இருக்கவில்லை. ஆகையால் கம்பனிகள் தம் படங்களை நீண்ட காகிதச் சுருள்களில் புகைப்படங்களாக அச்சிட்டு, வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் பதிந்துவைத்தன. படச்சுருள்கள் எரிந்தும் உக்கியும் அழிந்த பின்னரும் அந்தக் காகிதங்கள் கிடந்தன. பல ஆண்டுகள் கழித்து அவற்றிலிருந்து படங்கள் மீட்கப்பட்டன. இவ்வகையில் புளோரன்ஸின் பயோகிராப் படங்கள் பல தப்பின. அவருடைய பெயரை விளம்பரப்படுத்தி வெளிவந்த பிற்காலப் படங்கள் பெரும்பாலும் அழிந்தே போயின. நானும் என் மகளும் கண்டது பெயரில்லாத புளோரன்ஸையே. மகளுக்கு அன்று பெயரைச் சொன்னேன். ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, “புளோரன்ஸ் லோரன்ஸ்” என்று தன் கொப்பியின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

அடக்கம் நடந்து ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்து, 1991 ஆம் ஆண்டில், அந்தக் குழியின்மேல் ஒரு கல் வைக்கப்பட்டது. புளோரன்ஸ் லோரன்ஸ் என்ற பெயரும், பயோகிராப் பெண், முதல் திரை நட்சத்திரம் என்ற இரு குறிப்புக்களும் அதிலே உள்ளன. பிறந்த ஆண்டு மட்டும் 1886 க்குப் பதிலாக 1890 என்று பொறிக்கப்பட்டிருக்கின்றது. அவரை நேரிற் கண்டவர்களும், அவர் படம் பார்க்கச் சதம் கொடுத்தவர்களும் அநேகமாக மறைந்துவிட்ட காலம் அது. இனி அதனால் யாருக்கும் இலாபமில்லை, விற்பதற்குப் படமுமில்லை. அப்படியிருந்தும் அக்கல்லுக்கான செலவைப் பிரித்தானிய நடிகர் ஒருவர் ஏற்றார். தம் பெயரை வெளியிட வேண்டாமென்று மட்டும் அவர் கேட்டுக்கொண்டார்.